யாருனா கீறீங்களா?

டிக்கெட்டு வெலைய மொதல்ல பாத்தது நான்தான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல லாரி எடை போடுற ரூம்ல எனக்கு வேலை. ரெண்டு லாரிக்கு நடுவுல போன எடுத்துப் பாத்தா, எங்க நாடகத்துக்கு, ராயபுரத்துல பொறந்த நாடகத்துக்கு, கடைசி வரிசையே ஆயிரத்து இருநூறு ரூபா. டீ குடிச்சிட்டு வந்து மறுபடி பாத்தா ஆயிரத்து ஐந்நூறு. இன்னாய்யா இது, நாடகமா, நகைக்கடையா? லாரி டிரைவர் எடைச்சீட்டு கேட்டு ஜன்னலத் தட்டிகினே இருந்தாரு. அவருமேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், அந்தாளு இன்னா பண்ணுவாரு.

அது இன்னா நாடகம்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். கடலோரத்துல ஒரு குப்பம். ஹார்பருக்கு ரோடு போடணும்னு குப்பத்தக் காலி பண்ணச் சொல்றாங்க. அவ்வளவுதான் கதை, மத்ததெல்லாம் பாட்டு. பல வருசத்துக்கு முன்னாடி எங்க ஆளுங்களே எழுதி, எங்க ஆளுங்களே நடிச்சு, கல்மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல் மைதானத்துல போட்டாங்க. டிக்கெட்டு முப்பது ரூபா. மதில்மேல குந்திகினு பாக்குறவனுக்கு அதுவும் கெடையாது. அதுல மீன்காரம்மாவா நடிச்சது எங்க அக்கா, என் கூடப் பொறந்தவ. பகல்ல பால்வாடியில ஆயா, சாயங்காலம் மேடையில மீன்காரம்மா.

அதுல ஒரு எடம் வரும். குப்பத்த விட்டு எல்லாரும் போயிட்டாங்க. அது தெரியாம மீன்காரம்மா கூடையோட வந்து ஒரு வூட்டுக் கதவத் தட்டி, "வூட்ல யாருனா கீறீங்களா?"ன்னு கேக்கணும். பதில் வரக் கூடாது. பதில் வராததுலதான் அவளுக்கு விசயம் புரியணும், பாட்டு ஆரம்பிக்கணும். எழுதினவரு அப்படித்தான் எழுதியிருந்தாரு. மொத ஷோவுல அக்கா கதவத் தட்டிக் கேட்டா. எங்க ஜனத்துக்கு, நாடகத்துல கேக்குறது எது, நம்மளக் கேக்குறது எதுன்னு இன்னா தெரியும்? மைதானம் மொத்தமும் சேந்து "கீறோம்!"னு கத்திச்சு. அக்கா ஆடிப் போயிட்டா. அப்புறம் சுதாரிச்சிகினு, கூடைய எறக்கி வெச்சிட்டு, "கீறீங்க இல்ல? அப்ப இன்னாத்துக்குடா கதவச் சாத்திகினு கீறீங்க, வெளிய வாங்கடா!"ன்னா. விசில் பறக்குது. பாட்டு கெளம்புது. மைதானமே ஏந்து நிக்குது. அடுத்த ஷோவுலேர்ந்து அதுவே வசனமாயிடுச்சு. அந்தப் பதிலச் சொல்றதுக்குன்னே ஜனம் திரும்பத் திரும்ப வந்துச்சு.

இப்ப அதே நாடகத்த மறுபடி போடுறாங்க. இங்க இல்ல. தெக்கால, கார் நிறுத்தவே தனியா ஒரு கட்டடம் வெச்சிருக்குற ஏசி ஆடிட்டோரியத்துல. பழைய ஆளுங்கள்ல அக்காவ மட்டும்தான் எடுத்தாங்க. மத்ததெல்லாம் புதுசு. நம்ம பாஷைய ஆள் வெச்சுக் கத்துகினதுங்க. டைரக்டர் தம்பி மேல எனக்கு ஒரு கோவம் உண்டு, ஆனா மோசமான பையன்னு சொல்ல மாட்டேன். ஒத்திகையில அந்த எடம் வந்ததும், "பதில் வேணாம்மா. எழுதினபடி அமைதியாவே இருக்கட்டும்"ன்னு சொல்லியிருக்கான். அக்கா விடல. "அது என் வசனம் இல்ல தம்பி, ஜனத்தோட வசனம்"னு சண்டை போட்டிருக்கா. கடைசியில அவன் ஒரு வழி சொன்னான். மொத ஷோவுல கேட்டுட்டுப் பதிலுக்கு நில்லுங்க. ஜனம் பதில் சொன்னா அது அப்படியே இருக்கட்டும். சொல்லலேன்னா அடுத்த ஷோவுலேர்ந்து அந்தப் பதில எடுத்துடுவேன்.

அன்னிக்கே அக்கா என் வூட்டுக்கு வந்துட்டா. "நம்ம ஆளுங்களக் கூட்டிகினு வாடி. ஒரே ஒரு தபா கத்திட்டுப் போகட்டும், போதும்"ன்னா. யார்கிட்டயும் எதுவும் கேக்காதவ, என் கையப் புடிச்சிகினு கேட்டா. குடும்பத்துக்குன்னு அவளுக்குக் குடுத்தது ஒரே ஒரு பாஸ். அத என் கையில திணிச்சா.

நான் கல்மண்டபம் டீக்கடைக்குப் போனேன். எங்க நாடகப் பைத்தியங்க எல்லாம் கூடுற எடம் அதுதான். மீன் ஏலம் வுடுற அண்ணன் இருந்தாரு. அவரு இந்தக் கோடியில தொண்டையத் தெறந்தா அந்தக் கோடியில படகுல கீறவனுக்குக் கேக்கும். ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிடையரான மாமா இருந்தாரு. அவருதான் எங்க கும்பலுக்குப் பெரிய மனுசன். போஸ்டாபீஸ்ல வேலை பாக்குற அக்கா ஒருத்தி இருந்தா. இன்னும் நாலஞ்சு பேரு. எல்லாருக்கும் வெல தெரிஞ்சுபோச்சு. கடையே கொதிச்சிகினு இருந்துச்சு.

"யாரு வூட்டுக் கதைய யாருக்கு விக்குறானுங்க?"ன்னு ஏலக்கார அண்ணன் கத்துனாரு. "நம்ம குப்பத்த இடிச்சத ஏசியில குந்திகினு பாக்க ஆயிரத்து ஐந்நூறா? பேமானிங்க!"

"வெல இன்னிக்கு ஆயிரத்து எட்நூறு"ன்னா போஸ்டாபீஸ் அக்கா.

"ஒருத்தனும் போகக் கூடாது"ன்னாரு கிரேன் மாமா. "சீட்டு காலியா கெடக்கணும். அப்பத்தான் புத்தி வரும்."

நான் அக்கா விசயத்தச் சொன்னேன். வெல அநியாயம்தான், யாரு இல்லேன்னது? ஆனா ஒரே ஒரு ஷோ. யாருக்கு முடியுமோ அவங்க மட்டும் வந்தா போதும், ஒரு பத்து பேரு. நாம கத்தலேன்னா அந்தப் பதிலு அதோட போச்சு, அக்கா மேடையில ஒத்தையா நிப்பான்னு சொன்னேன். யாரும் என் மூஞ்சியப் பாக்கல.

"உனக்கு இன்னாம்மா, ஓசி பாஸு"ன்னா போஸ்டாபீஸ் அக்கா. "உங்க அக்கா சம்பளம் வாங்குறா. நாங்க காசக் குடுத்துட்டு அவளுக்குக் கத்தவும் செய்யணுமா?"

எனக்கு வந்துச்சு பாரு கோவம். அவ கையில இருந்த டீய அப்படியே அவ தலையில ஊத்தியிருப்பேன். அதுக்குள்ள கிரேன் மாமா ஒரு சாசர்ல கற்பூரத்த ஏத்திட்டாரு. டீக்கடையில! ஒவ்வொருத்தரா வந்து அடிச்சு சத்தியம் பண்ணாங்க. "அந்த வாசப்படி மிதிச்சேன்னா என் நாக்கு அழுவிப் போவட்டும்"னு ஏலக்கார அண்ணன் எல்லாரையும் விட சத்தமா சொன்னாரு. நான் கைய வெக்கல. "எங்க அக்கா வயித்தெரிச்சல கொட்டிகினு நல்லா இருங்க"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வெலையப் பத்தி அவங்க சொன்னது அத்தனையும் நெசம். அதனால கோவம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

மொத ஷோ ஞாயித்துக்கெழம மதியம். வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறிப் போய் எறங்குனேன். உள்ள போனா சில்லுன்னு ஏசி, செண்டு வாசனை, காலுக்குக் கீழ கம்பளம். பாப்கார்ன் வெலையப் பாத்துட்டு தண்ணி மட்டும் குடிச்சேன். வெளக்கு அணையறதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு மைக்ல, போன ஆஃப் பண்ணுங்க, சத்தம் போடாதீங்க, நடிகர்களோட பேசாதீங்கன்னு இனிப்பா சொல்லுச்சு. மேடைக்கு மேல ஒரு கறுப்புப் பலகையில வசனமெல்லாம் இங்கிலீஷ்ல ஓடிகினு இருந்துச்சு.

சிரிக்கக் கூடாத எடத்துலெல்லாம் சிரிச்சானுங்க. ஒரு பையன் "எங்க நைனா கடலுக்குப் போனவரு வரவே இல்ல"ன்னு அழுவுறான். 'நைனா'ங்கற வார்த்தையக் கேட்டதும் எனக்கு முன்னாடி வரிசை குலுங்குது. கலீஜான பொழப்புடா இதுன்னு ஒருத்தன் நொந்து சொன்னா கைதட்டுறானுங்க. எழுந்து போயிடலாமான்னு இருந்துச்சு. அக்காவுக்காகப் பல்லக் கடிச்சிகினு குந்தியிருந்தேன்.

இன்டர்வல்ல வெளிய வந்தா, காபி வரிசையில தலையில குல்லா, மூஞ்சியில மாஸ்க், ஒரு ஆளு சுவரப் பாத்துகினு நிக்குறாரு. முதுகப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. ஏலக்கார அண்ணன்! என்னைப் பாத்ததும் காபியும் வாங்காம ஆம்பளைங்க கக்கூஸுக்குள்ள பூந்துட்டாரு. படிக்கட்டுல ஏறிகினு இருந்தவரப் பாத்தேன், கிரேன் மாமா, சஃபாரி சட்டையோட. பால்கனி ஓரத்துல மருமகளோட குந்திகினு முந்தானையால மூஞ்ச மூடிகினு இருந்தா போஸ்டாபீஸ் அக்கா. அப்புறம் தேடித் தேடிப் பாத்தேன். டீக்கடையில கற்பூரம் அடிச்சதுல பாதிப் பேரு அங்க இருந்தாங்க. ஒருத்தர் வந்தது ஒருத்தருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி திரும்பிகினு இருந்தாங்க.

எனக்குக் கோவமே வரல. சத்தியமா சொல்றேன், சந்தோசத்துல அழுகை வந்துடுச்சு. உதாரு வுட்டுட்டு, மனசு கேக்காம வந்துட்டாங்க பாரு என் ஜனம்! இனிமே அக்காவுக்கு இன்னா கவலை? ஏலக்கார அண்ணன் ஒருத்தர் கத்துனா போதாதா? டைரக்டர் தம்பி, இருடா, உனக்கு வெக்கிறேன் வேட்டுன்னு மனசுக்குள்ள சொல்லிகினு சீட்டுக்கு ஓடுனேன்.

அந்த எடம் வந்துச்சு. காலியான குப்பம். நீல வெளிச்சம். அக்கா கூடையோட வந்தா. வயசு தெரிஞ்சுது, நடையில ஒரு தள்ளாட்டம். ஆனா குரலு அப்படியே இருந்துச்சு. கதவத் தட்டுனா.

"வூட்ல யாருனா கீறீங்களா?"

ஒண்ணுமில்ல. ஏசி ஓடுற சத்தம் கேட்டுது. நான் மூச்ச இழுத்துப் புடிச்சு, ஏலக்கார அண்ணன் ஆரம்பிக்கட்டும்னு ஒரு நொடி பாத்தேன். அவரு ஆரம்பிக்கல. நான் எழுந்து நின்னு "கீறோம்!"னு கத்துனேன். ஒத்த ஆளு, ஒத்த குரலு. அதுலயும் பாதியில பிசிறடிச்சுடுச்சு. ஒத்தையா நின்னுகினு 'கீறோம்'னு சொன்னா எப்படி இருக்கும்? முன்னாடி வரிசை திரும்பிப் பாத்துச்சு. யாரோ களுக்குனு சிரிச்சாங்க. டார்ச் லைட்டோட ஒரு பையன் வந்து, "மேடம், ப்ளீஸ், உக்காருங்க மேடம்"னு என் காதுகிட்ட கெஞ்சினான்.

அக்கா அந்த இருட்டையே பாத்துகினு நின்னா. பாட்டுக்காரங்க அவளையே பாத்துகினு இருந்தாங்க. அவ மறுபடி கதவத் தட்டுனா. அது நாடகத்துல கெடையாது.

"யாருனா... யாருனா கீறீங்களா?"

டார்ச் பையன் என் பக்கத்துலயே நின்னான். அவனத் தாண்டி நான் மறுபடி கத்துனேன், ஆனா அப்ப குரலு வரல, காத்துதான் வந்துச்சு. குல்லா போட்ட தலை அசையல. பால்கனி அசையல. அக்கா கூடைய மெதுவா எறக்கி வெச்சிட்டு, கதவுமேல சாஞ்சு குந்திட்டா. அந்த அமைதிய மொத்த ஆடிட்டோரியமும் ரசிச்சுது. என் பக்கத்து சீட்டு அம்மா கண்ணத் தொடச்சிகினாங்க. அப்புறம் கைதட்டல், நிக்கவே இல்ல.

ஷோ முடிஞ்சதும் வெளிப் படிக்கட்டுல ஏலக்கார அண்ணனப் புடிச்சேன். சட்டையப் புடிச்சேன்னே வெச்சுக்கங்க.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? காசக் குடுத்து வந்துட்டு கம்முனு குந்திகினு இருந்தியே, மனுசனா நீ?"

மாஸ்க்க எறக்கிட்டு, சுத்தும் முத்தும் பாத்தாரு. "கத்தாதம்மா. மேல கிரேன் மாமா கீறாரு. என் குரலு அவருக்குத் தெரியாதா? வாயத் தெறந்தா மாட்டிகினு இருப்பேன்."

"அவரும்தானய்யா சத்தியம் பண்ணிட்டு வந்திருக்காரு!"

"அது அவரு பாடு. நாளைக்கு டீக்கடையில என் மானம் போவுமே. நீ யார்கிட்டயும் சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்"னு சொல்லிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் ஓடிட்டாரு. கிரேன் மாமாவையும் பாத்தேன். "கீழ ஏலக்காரன் தலையப் பாத்துட்டேன், எப்படிம்மா வாயத் தெறக்குறது?"ன்னு அவரும் அதையேதான் சொன்னாரு. போஸ்டாபீஸ் அக்காவக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அடிச்சிருப்பேன். நாடகம் வேணும், கத்துறதுக்கு மட்டும் வெக்கம். தூ! டிக்கெட்டு வெல ஏத்துனவன்கூட எனக்கு இவ்வளவு கெட்டவனா தெரியல.

மேடைக்குப் பின்னாடி போனேன். எல்லாத்தையும் அக்காகிட்ட போட்டு ஒடைச்சிடணும், பேர் பேரா சொல்லிடணும்னு வெறியோடதான் போனேன். அக்கா கண்ணாடி முன்னாடி குந்திகினு மேக்கப்பத் தேங்காண்ணை போட்டுத் தொடச்சிகினு இருந்தா. டைரக்டர் தம்பி வந்து சொல்லிட்டுப் போயிட்டானாம். அடுத்த ஷோவுலேர்ந்து அமைதிதான்.

"ஒரு குரலு வந்துச்சே, அது நீதான?"ன்னா.

"ஆமாக்கா."

"வேற யாரும் வரலயா?"

நான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள அவளே பேசுனா.

"வந்திருந்தா கத்தியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா அவங்கள. கற்பூரம் அடிச்சுட்டாங்கன்னு சொன்னல்ல? ரோசக்காரங்கடி. சொன்னா சொன்னதுதான்." பஞ்சக் குப்பையில போட்டுட்டு கண்ணாடியில என்னப் பாத்தா. "ரெண்டாவது தபா கேட்டேன் பாரு, அப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. எல்லாரும் வந்து குந்திகினு, கேட்டும் கம்முனு இருக்காங்களோன்னு. அப்படி மட்டும் இருந்திருந்தா, இந்த ஜென்மத்துல மேடை ஏற மாட்டேன்."

நான் பஞ்ச எடுத்து, அவ காதுக்குப் பின்னாடி ஒட்டிகினு இருந்த பவுடரத் தொடச்சு விட்டேன்.

"ஒருத்தர்கூட வரலக்கா"ன்னேன்.