மஞ்சள் பூசிய பன்றியோடு ஜூஜுவாடி வரை

ஒரு பன்றியை ஏற்றிக்கொண்டு போனதெல்லாம் பயணமா என்று கேட்காதீர்கள். திரும்பி வந்து இரண்டு நாளாகியும் எனக்கு இடுப்பு வலி போகவில்லை.

என் மனைவியின் அண்ணன் ஆரோக்கியம் வேப்பனப்பள்ளி பக்கம் பன்றி வளர்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டாருக்குத் தன் பட்டியில் வளர்ந்த பன்றிக் கறிதான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். முன்பு வீட்டிலேயே அறுத்து, தோலைத் தீயில் வாட்டி, கறியைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், முத்திரை குத்திவிடுவார்கள். இப்போது விதி மாறிவிட்டது. கால்நடை மருத்துவர் பன்றியை உயிரோடு பார்த்த பிறகுதான், அதுவும் அறுவைக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடியில் இருக்கும் அறுவைக்கூடத்துக்குச் சின்ன யானை வண்டியில் கிளம்பினோம். வாடகை 2,200 ரூபாய். கீறல்களில் ஈ மொய்க்கக்கூடாது என்று மச்சான் பன்றிக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தார். குந்தாரப்பள்ளியில் டீ. அதற்குப் பிறகு வழி நெடுக விதியைத் திட்டிக்கொண்டே வந்தார். ஜூஜுவாடியை நெருங்கும்போது லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் வெந்தோம். வீட்டில் படுத்திருக்கலாம் என்று எனக்கு அழுகையே வந்தது.

மருத்துவர் அம்மா பன்றியைப் பார்த்தார். “மஞ்சளைக் கழுவுங்க.”

“நல்ல காரியத்துக்குங்க மேடம்.”

“கழுவுங்க.”

தண்ணீர் ஊற்றினோம். காதிலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. காய்ச்சலும் இருந்தது. பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம், தனியாக அடைத்து ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், பட்டியிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்றார். பழையபடி வீட்டிலேயே அறுத்துத் தீயில் வாட்டியிருந்தால் தோல் முழுக்க ஒரே கருப்பு. எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “நான் வெயில் கொப்புளம்னு நெனச்சேன் மாப்ள.” பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, மற்ற பன்றிகளைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார்.

 போனில் அவர் மனைவியின் குரல் எனக்கே கேட்டது. “நேத்துலருந்து இன்னும் மூணு பன்னி தீனி எடுக்கலீங்க. நல்ல காரியம் நடக்கற வீட்ல எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்.”

விருந்துக்கு ஓசூரில் கோழி வாங்கினோம். அலைச்சலும் சலிப்பும் தவிர இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது இந்தப் பாடம்தான். நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் விருந்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றுமுன் வீட்டிலேயே பன்றியைக் கழுவிப் பாருங்கள். பார்த்ததை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.