நாற்பத்தேழு வால்வுகளும் ஒரு செருப்பும்

"நீங்களே உக்காருங்க. நேத்து என்ன பண்ணீங்களோ, அதையே இப்ப என் கண்ணு முன்னாடி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, சி.ஐ.டி. மேடம் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொள்கிறார். நாற்காலியில் இருக்கும் குற்றவாளி, குடிநீர் வாரியத்தின் புகார் பிரிவு எழுத்தர், மவுஸைப் பிடிக்கிறார்.

"நான் ஒண்ணுமே பண்ணலை மேடம். படமெல்லாம் அதுவா போயிடுச்சு."

மேடம் திரையைக் காட்டுகிறார். இருபது வருடங்களில், தானாகப் போன எதையும் அவர் பார்த்ததில்லை. இரண்டு நிமிடம் கழிகிறது. எழுத்தரின் கை தன்னை மறந்து திரையிலிருக்கும் பக்கத்தைப் பிடித்து வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போடுகிறது. அதன் படங்கள் இருக்கிற ஃபோல்டர் பழைய இடத்திலேயே திருதிருவென்று முழிக்கிறது.

"அங்கதான்! புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடுறீங்களே, புத்தகப் பையை யாரு தூக்கிட்டு வருவா?"

பதவியால் மேடம் தட்டச்சர்; சி.ஐ.டி. என்பது அலுவலகம் வைத்த பெயர். தட்டச்சு இயந்திரங்கள் எடைக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பதவி மட்டும் போகவில்லை. வாரியத்தின் உள் பக்கங்கள் எல்லாம் — பணி முறை, தொலைபேசிப் பட்டியல், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்கிற அட்டவணை — கடிதம் அடிப்பதற்கென்றே பிறந்த மென்பொருளில் செய்து, வெப் பேஜாக சேவ் செய்து, பொது டிரைவில் போட்டவை. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரிதான். ஆனாலும் அடித்தாகிவிட்டது, இனி உதிர்வதை ஒட்ட ஓர் ஆள் வேண்டும்.

ஒட்டுவதற்குப் போகும்போது சொந்த மவுஸைக் கட்டம் போட்ட கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போவார். "ஒவ்வொருத்தர் மவுஸையும் தொட்டா அன்னிக்கு என்ன தின்னாங்கன்னு சொல்லிடலாம்" என்பார். எதையும் அழிக்க மாட்டார். பெயரோடு 'பழசு' என்று சேர்த்து வைப்பார். அதற்கும் முந்தையது 'ரொம்பப் பழசு'. புகார்களுக்கென்று ஒரு நீளமான நோட்டு. அதில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'காரணம்'. அதன் கீழே, முதல் பக்கத்திலிருந்து ஒரே பதில்தான் வரிசையாக இறங்குகிறது: ஆள், ஆள், ஆள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் நின்றாலும் இதே விசாரணைதான். "கடைசியா யாரு தொறந்தது?" என்று கணவரை ஃப்ரிட்ஜ் முன் நிறுத்திவிடுவார். "அம்மா, அப்பாவுக்கு ஜாமீன் குடும்மா" என்று மகள் உள்ளிருந்து கத்துவாள்.

இப்பேர்ப்பட்டவரிடம் பதினோரு வருடமாகப் பிடிபட்டும் திருந்தாத ஒரே ஆள், பக்கத்து மேசைக்காரர். வரைபடப் பிரிவு. ஆறடிக்கு மேல் உயரம். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாள் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர். அதனால் ஒட்டகம்.

ஊரில் மண்ணுக்குள் கிடக்கிற நாற்பத்தேழு பெரிய வால்வுகளையும் ஒட்டகம் நேரில் போய்ப் படமெடுத்து ஒரு பக்கம் செய்திருந்தார். படங்களைப் பக்கத்தோடு வைக்காமல் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டு, அங்கிருந்தே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வழி விட்டிருந்தார். விளைவு, காலையில் அவர் வந்து கணினியைப் போட்டால்தான் வாரியத்துக்கு வால்வுகள் தெரியும். மாலையில் அவர் அணைத்துவிட்டுக் கிளம்பினால் நாற்பத்தேழும் சிவப்புப் பெருக்கல் குறியாகிவிடும். அவருக்கு ஜுரம் என்றால் வால்வுகளும் விடுப்பு. புகார் பிரிவில் யாராவது எட்டிப் பார்த்து, "படம் வந்துடுச்சு, ஒட்டகம் வந்துட்டாரு!" என்று குரல் கொடுப்பதுதான் அலுவலகத்தின் காலை மணி.

"படத்தைப் பொது டிரைவுல வைங்கன்னா வைக்க மாட்டீங்களா?"

"என் மெஷின்ல நல்லாத்தானே தெரியுது மேடம்."

"நாளைக்கே நீங்க இல்லேன்னா?"

"நான் எங்க போகப் போறேன்?"

அடுத்த சண்டை செருப்பைப் பற்றி. நாற்பத்தேழு படங்களிலும் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் ஒட்டகத்தின் ஒரு கால், தேய்ந்த பழுப்புச் செருப்போடு, நந்தி மாதிரி குறுக்கே நிற்கும். "வால்வைக் காட்டச் சொன்னா காலைக் காட்டுறீங்களே, உங்க கால் என்ன கண்காட்சியா?" என்பார் மேடம். ஒட்டகம் சிரித்துக்கொண்டே ஒரு பென்சிலைச் சீவுவார்.

ஏழு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அன்றிலிருந்து வால்வு பக்கம் முழுக்கப் பெருக்கல் குறிகள். அந்தக் கணினியைப் போட்டால் போதும் என்று மேடத்துக்குத் தெரியும். பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருப்பதும் தெரியும். எந்தப் புகாரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதவர், இதை மட்டும் நோட்டின் அடியில் 'பிறகு' என்று எழுதிவைத்தார். மறுநாளும் அதையே எழுதினார். அடுத்த மேசைப் பக்கம் போகும்போது மட்டும் ஏதோ அவசர வேலை இருப்பது போல வேகமாக நடந்தார்.

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தோளில் பையோடு ஒரு கணினிக்காரர் வந்து நின்றார். புது அதிகாரி ஒருவருக்கு அந்தக் கணினி ஒதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பதைத் துடைக்க வேண்டும்.

"எல்லாத்தையுமா தம்பி?"

"வழிச்சு எடுத்துடுவேன் மேடம். பன்னெண்டு மணிக்கு அடுத்த ஆபீஸ் போகணும்."

நாற்பத்தேழு படத்துக்கும் வேறு பிரதி கிடையாது. மேடம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உயரமான ஆளுக்காக ஏற்றிவைத்த நாற்காலி. கால் தரையில் எட்டவில்லை. பட்டனை அழுத்தினார். விசிறி இருமிவிட்டுச் சுழன்றது.

கொஞ்ச நேரத்தில் புகார் பிரிவிலிருந்து, பழக்க தோஷத்தில், அதே எழுத்தரின் குரல்: "படம் வந்துடுச்சு, ஒட்டகம் வந்துட்டாரு!"

எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். மேடம் திரும்பவில்லை. "யாரும் வரலை. வேலையைப் பாருங்க" என்றார்.

பதினொன்றரைக்குள் நாற்பத்தேழு படங்களும் பொது டிரைவுக்கு வந்துவிட்டன. கணினிக்காரர் தன் வேலையைத் தொடங்கினார். மேடம் தன் மேசைக்குப் போய், படங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து சேவ் செய்தார். அந்த வழியாகப் போன பெரிய அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, "இதென்ன மேடம், எல்லாத்துலயும் ஒரு கால்? மேலிடத்துலருந்து பாக்க வர்றாங்க. வெட்டி விட்டுடுங்க" என்றார்.

பதினோரு வருடமாக மேடம் கேட்டதும் அதுதான். வெட்ட ஆரம்பித்தார். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும், கால் போய்விடும். முதல் வால்வு, இரண்டாவது வால்வு. பத்தொன்பதாவதை வெட்டி முடித்தபோது தொலைபேசி அடித்தது. குழாய் மேஸ்திரி. மருத்துவமனைத் தெருவில் குழாய் வெடித்து, தண்ணீர் அவசரப் பிரிவின் வாசற்படி வரை ஏறிவிட்டதாம்.

"பதினோராம் நம்பர் வால்வு மேடம். தோண்டி மூடியத் தொறந்துட்டோம். படத்தைப் பாத்துச் சொல்லுங்க, கால் எந்தப் பக்கம்?"

"எந்தக் கால்?"

"ஒட்டகம் சாரோட கால். செருப்பு மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? சில வால்வு இடப் பக்கம் முறுக்கினா மூடும், சிலது வலப் பக்கம். பழசும் புதுசும் கலந்து கெடக்கு. மாத்தி முறுக்கினா தண்டு ஒடிஞ்சிரும், அப்புறம் இந்தத் தெருவுக்குப் படகுதான். சார் எந்தப் பக்கம் மூக்கு வெச்சிருக்காரோ, அந்தப் பக்கம் முறுக்குவோம். உங்ககிட்ட சொல்லலியா?"

"நான் கேக்கலை" என்றார் மேடம். ஊரையே கேள்வி கேட்டவர்.

"எழுதி வெச்சா எங்காளுங்க படிக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். படம்னா பாப்பானுங்க. சீக்கிரம் மேடம், தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு."

மேடம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கன்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தினார். பத்தொன்பதாவது வால்வுக்குக் கால் திரும்பி வந்தது. இன்னொரு முறை. பதினெட்டு. பதினேழு. பதினோராவது வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். கட்டைவிரல் பக்கம் வார் பிய்ந்து, செப்புக் கம்பியால் முடிச்சுப் போட்ட செருப்பு.

"இடப் பக்கம்."

மறுமுனையில் இரும்பு முனகியது. யாரோ "இன்னும், இன்னும்" என்றார்கள். பிறகு மேஸ்திரி, "நின்னுடுச்சு மேடம்" என்று வைத்துவிட்டார்.

மேடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பத்து, ஒன்பது, எட்டு. ஒன்றாவது வால்வுக்கும் கால் முளைத்த பிறகுதான் விரல்களை எடுத்தார். பக்கத்து மேசையில் கணினிக்காரர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

மதியம் பெரிய அதிகாரி மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், வெட்டிட்டு இருந்தீங்களே? எல்லாக் காலும் திரும்ப வந்திருக்கு?"

"நான் ஒண்ணுமே பண்ணலை சார்" என்றார் சி.ஐ.டி. மேடம். "அதுவா வந்துடுச்சு."

சொல்லிவிட்டு, மவுஸைக் கைக்குட்டையில் வைத்து, நான்கு மூலைகளையும் மடித்து, பொறுமையாக முடிச்சுப் போட்டார்.