போனுக்கு நேராகக் கால் நீட்டலாமா?

டெக்சாஸில் எனக்கு ஆஸ்பத்திரி என்றால் என் காரின் முன்சீட்தான். காய்ச்சல் வந்தால் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் போனைச் சாய்த்து வைத்து, அதற்கு நாக்கை நீட்டிக் காட்டுகிறேன். வீட்டில் பிள்ளைகள் போடும் கூச்சலில் டாக்டர் பேசுவது காதில் விழாது. ஒருநாள் பக்கத்துக் காரில் ஏற வந்த வெள்ளைக்கார அம்மாள், அவளுக்குத்தான் நான் பழிப்புக் காட்டுகிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனாள். என்னத்தைச் சொல்லிப் புரியவைப்பது?

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். என் வீட்டுக்காரர் வேலை கான்ட்ராக்ட் ஆனதும் இன்ஷூரன்ஸ் போய்விட்டது. இங்கே நேரில் டாக்டரைப் பார்த்தால் காய்ச்சல் விடும், பில் விடாது. அதனால் கேபிள் டிவிக்குக் கட்டுவதைப் போல மாதாமாதம் சந்தா கட்டி, போனிலேயே டாக்டரைப் பார்க்கும் மெம்பர்ஷிப்பில் சேர்ந்தோம். சிக்கனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திருவண்ணாமலையில் எந்த டாக்டரும் வயிற்றை ஒருதடவை அமுக்கிப் பார்க்காமல் மருந்து எழுதியதில்லை. இங்கே என்னை இதுவரை ஒரு டாக்டரும் தொட்டதில்லை. எரிச்சலாக வருகிறது.

அப்படி எரிச்சல்பட்டுக்கொண்டே அம்மாவுக்கும் அதே மாதிரி ஒன்றில் சந்தா கட்டினேன். அப்பா போன பிறகு அம்மா திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டில் தனியாக இருக்கிறாள். சர்க்கரை வேறு. ஆட்டோ செலவும் அலைச்சலும் மிச்சம், சென்னை டாக்டரே வீட்டுக்குள் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மாவோ பௌர்ணமி தவறாமல் வெறுங்காலில் கிரிவலம் போகிறவள். எல்லாம் என் விசா நல்லபடியாக நீடிக்க வேண்டும் என்ற வேண்டுதல். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று கத்தினால், “செருப்பு போட்டுக்கினு மலைய சுத்துவாங்களா? போடி” என்பாள். போன பௌர்ணமியில் சுண்டுவிரலில் கொப்புளம் கிளம்பிவிட்டது.

மாடியில் குடியிருக்கும் மல்லிகா அக்கா போனை ஏற்பாடு செய்தார். டாக்டர், அம்மா, நான் மூவரும் ஒரே வீடியோவில். அம்மா பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு, விபூதி பூசி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள்.

“வலி எப்படிம்மா இருக்குது?”

“கம்மிதாங்க. நல்லா இருக்கேங்க.”

“காலைக் கொஞ்சம் காட்டுங்க.”

அம்மா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். “பரவால்லைங்க டாக்டர்.” அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு களிம்பு சொன்னார், ஜாஸ்தியானால் நேரில் போய்க் காட்டச் சொன்னார், போய்விட்டார்.

“ஏம்மா காட்டல?” என்று கத்தினேன்.

“டாக்டரு மூஞ்சிக்கு நேரா காலைத் தூக்கச் சொல்றியா? போன்ல சாமி படம் வேற வெச்சிருக்கேன். நீயும் அதுக்குள்ளதான் இருக்கிற.”

மலை இருக்கும் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாதென்று கட்டிலையே திருப்பிப் போட்ட வீடு அது. நானும் அதில்தானே வளர்ந்தேன்!

சில நாள் கழித்து மல்லிகா அக்காதான் வழி கண்டுபிடித்தார். “அம்மா, நான் போனைத் திருப்பிப் பின்பக்கக் கேமராவுல காட்டுறேன். டாக்டரு என் பக்கம் இருப்பாரு, உங்க காலு அந்தப் பக்கம் இருக்கும். தப்பில்ல.” அம்மா யோசித்து ஒப்புக்கொண்டாள். என் போன் முழுக்க அம்மாவின் கால் வந்தது. சுண்டுவிரல் கறுத்துக் கிடந்தது. டாக்டரின் குரலே மாறிவிட்டது. “இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, தள்ளிப் போடாதீங்க.”

விரலை எடுத்துவிட்டார்கள். விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், இப்போது கிளம்பினால் திரும்ப முடியாது. எந்த விசாவுக்காக அம்மா நடந்தாளோ அதுவே என்னை அவள் பக்கத்தில் போய் நிற்கவிடவில்லை. யாரைத் திட்டுவது? காட்டாத அம்மாவையா, கேட்டும் விட்டுவிட்ட டாக்டரையா, பணம் மிச்சம் என்று குதித்த என்னையா? “ஒரு வெரலுதானே, மலைக்குக் குடுத்ததா இருக்கட்டும். நீ அழுவாத” என்று அம்மா எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் எனக்குக் குதிகால் வலி. அதே பார்க்கிங், அதே முன்சீட். “காலைக் காட்டுங்கள்” என்றார் இந்த ஊர் டாக்டர். ஷூவைக் கழற்றி, போனை நோக்கிக் காலைத் தூக்கியவள் பாதியில் நின்றுவிட்டேன். “அவ்வளவு வலிக்கிறதா?” என்று பாவம், அக்கறையாகக் கேட்டார். நான் போனைத் திருப்பிப் பின்பக்கக் கேமராவைப் போட்டேன். அப்போதும் கால் நீளவில்லை. காருக்கு வெளியே நாலு பக்கமும் தட்டைத் தரை. எங்கள் மலை இங்கிருந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.