பெயர் கேட்டால் குனிகிறவன்

ஜப்பானின் கோபே நகரத்தில் பெயரைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. இரண்டு குளிர்காலம் கழிந்தும் எனக்கு இது பழகவில்லை. யாராவது சிரித்துக்கொண்டே "ஒநமாஎ வா?" என்று பெயர் கேட்டால், முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் குடை இருக்கும். குடையாலும் அடிக்கலாமே என்று இரண்டடி தள்ளி நின்று, "வதாஷி வா சுப்பையா தெஸ்" என்பேன்.

கொழும்பில் ஒரு கப்பல் சமையலறையில் ஏறி, இங்கே ஒரு சிந்தி வியாபாரியின் அடுப்படியில் இறங்கியவன் நான். வெங்காயம் நறுக்க ஜப்பானிய மொழி வேண்டாம். ஆனால் தங்கும் அனுமதி முடியப் போகிறது. அதிகாரியின் முன் பெயரையும் நாட்டையும் நானே சொல்ல வேண்டும், உளறினால் கப்பலேற்றிவிடுவார்கள் என்று முதலாளி பயமுறுத்தினார். ஏற்றுவார்கள், சரி, எங்கே இறக்குவார்கள்? தேயிலைத் தோட்டத்துத் தமிழனை இலங்கை இந்தியாக்காரன் என்கிறது, இந்தியா இலங்கைக்காரன் என்கிறது. நடுவில் இருப்பது கடல். எனக்கு நீச்சலும் தெரியாது. அதனால்தான் மாலையில், வெளிநாட்டவருக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தரும் மொரிதா அம்மாளிடம் பாடம்.

முதல் பாடமே பெயரும் ஊரும். இதே பாடத்தைச் சிங்களத்தில் ஏற்கெனவே படித்தவன் நான்.

இலங்கையில் தமிழனைத் தேடி அடித்த கலவர நாட்கள். அக்காவுக்கு மருந்து வாங்க, அக்கா புருஷன் கருப்பையா மச்சானும் நானும் கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு நடந்தோம். பஸ் ஓடவில்லை. வழியெல்லாம் மச்சான் வாத்தியார் வேலை பார்த்தார்.

"பேரு கேட்டா பியதாசன்னு சொல்லு மாப்ளே. ஊரு கினிகத்தேன. திக்காம சொல்லணும்."

"நீங்க?"

"நான் சோமபால."

"உங்க மீசைக்கு அந்தப் பேரு ஒட்டலையே மச்சான்."

"மீசைய சிரைச்சிக்கலாம்டா. கழுத்து போனா எவன் ஒட்டுவான்?"

வளைவில் பத்துப் பேர் நின்றார்கள். மண்வெட்டிக் காம்பு வைத்திருந்தவன் கேட்டான்: "நம மொகக்த? கம கொஹேத?" பெயர் என்ன, ஊர் எங்கே. பியதாசவும் சோமபாலவும் தேன் ஒழுகப் பதில் சொன்னார்கள். அவனும் நம்பி, "யண்ட" என்று வழிவிட்டான்.

அங்கேதான் கெட்டது. உயிர் பிழைத்த நிம்மதியில் நாங்கள் இருவரும் தலைத்துண்டை உருவி, கக்கத்தில் செருகி, கைகட்டிக் குனிந்தோம். தோட்டத்துத் துரைக்கு முன்னால் பிறந்த நாள் முதல் செய்தது. கைக்குத் தானே வந்துவிட்டது. எந்தச் சிங்கள கிராமத்தான் வழிப்போக்கனுக்கு அப்படிக் குனிவான்? காம்பு என் முதுகில் இறங்கியது. மச்சானின் தலையில் இறங்கிய சத்தம், தேங்காய் உடைத்தது போலிருந்தது. என் பற்கள் நான்கு ரோட்டில் கிடந்தன. "மாப்ளே, ஓடு!" என்று ஒரு தரம் கத்தினார். அடுத்த அடியில் எனக்கு நினைவு தப்பியது. நான் கண் விழித்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மச்சானை முதுகில் போட்டுத் திரும்பி நடந்தேன். அக்காவுக்கு மருந்து வரவில்லை, புருஷன் வந்தார், துணி மூடி.

மொரிதா அம்மாள் பெயர் கேட்ட முதல் நாளே என் குல்லா கழன்று கக்கத்துக்குப் போயிற்று. முதுகு வளைந்தது. அந்த அம்மாள் பூரித்துப் போய்க் கைதட்டி, மற்ற மாணவர்களிடம், "பாருங்கள், எத்தனை மரியாதை! இவருக்குச் சொல்லித் தரவே வேண்டாம்" என்றாள். ஒரு சீனாக்காரப் பையன் என்னைப் பார்த்துக் குனியப் பழகினான். நான்கு பல் இல்லாத வாயால் சிரித்து வைத்தேன்.

அடுத்த கேள்வி நாடு. "சேய்ரோன் ஜின் தெஸ்கா?" இலங்கையரா? "ஈயே" என்றேன், இல்லை. "இந்தோ ஜின்?" அதற்கும் ஈயே. பாவம், எனக்கு 'ஆம்' என்ற சொல் மறந்துவிட்டதென்று நினைத்து, அதைப் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினாள்.

அனுமதி நாள். மேசைக்குப் பின்னால் சீருடை. பெயர் கேட்டார், முதுகு வளைய, சுப்பையா என்றேன், முதன்முறையாகச் சீருடை ஒன்றிடம் சொந்தப் பெயர். நாடு கேட்டார். "சேய்ரோன் கரா கிமாஷ்தா", இலங்கையிலிருந்து வந்தேன், என்றேன். வந்தது மெய்தானே. அவர் கை உயர்ந்தது, முத்திரை விழுந்தது: இன்னும் ஒரு வருஷம். "உங்கள் நாட்டில் எல்லோரும் உங்களைப் போலப் பணிவானவர்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

குனிந்தபடி நின்றேன். தலை கோபேவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. முதுகு மட்டும் ஹட்டன் ரோட்டு வளைவில், அடுத்த அடிக்குக் காத்திருந்தது.