வயிற்றில் தங்கிய வெள்ளை மருந்து

1991ஆம் வருடம், சித்திரை மாதம். பரளச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மிளகாய்க் காடும் இரண்டு பிள்ளைகளுமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தீராத வயிற்றுவலி. அருப்புக்கோட்டையில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் மாத்திரைக்குக் கேட்கவில்லை. அவரிடம் சொல்லாமல் கணவர் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பெரிய டம்ளர் நிறைய ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் நாக்கில் ஒட்டியது. அதைக் குடித்தால்தான் குடல் எக்ஸ்ரே படத்தில் தெரியுமாம், பேரியம் என்றார்கள். முடிவை அடுத்த வாரம் வந்து வாங்கச் சொன்னார்கள். கிளம்பும்போது நர்ஸ், “இது உள்ள தங்கக் கூடாதும்மா, ரெண்டு நாளைக்கு நிறையத் தண்ணி குடிங்க” என்றார்.

நன்றாகத் தலையாட்டிவிட்டு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. காரியாபட்டி தாண்டி அருப்புக்கோட்டை, அங்கிருந்து ஊருக்கு இன்னொரு பஸ். வழியில் ஒரு பெண் எங்கே இறங்கி ஒதுங்குவது? பஸ் ஏறப்போகிறோம் என்றாலே எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீர்ச் செம்பைத் தொடமாட்டோம். வீட்டிலும் அதே கதைதான். பொழுது சாய்ந்த பிறகே கருவேலங்காட்டுக்குப் போகமுடியும் என்கிறபோது, பகலில் யார் செம்பு செம்பாகக் குடிப்பார்கள்?

ஐந்தாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. அதுவரை வெளிக்கே போகவில்லை. வலி தாங்காமல் அருப்புக்கோட்டை டாக்டரிடமே கிளம்பினோம். பஸ்ஸில் கணவர் என் காதோடு, “மதுரைக்குப் போனத அவுககிட்டச் சொல்லிராத. அவுக மேல நமக்கு நம்பிக்கை இல்லன்னு வருத்தப்படுவாக” என்றார். எனக்கும் அதுதான் மரியாதை என்று பட்டது.

டாக்டர் அடிவயிற்றின் இடப்பக்கம் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

“கட்டி மாதிரி தட்டுப்படுதே. வேற எங்கயும் காமிச்சீகளா?”

“இல்லைங்க” என்றோம் இருவரும், சொல்லிவைத்தாற்போல்.

“அப்ப ஒரு படம் எடுத்துட்டு வாங்க. ஆபரேஷன் வேண்டியிருக்கும்.”

எக்ஸ்ரே எடுக்கும் இடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. படம் எடுத்தபின் பெஞ்சில் உட்கார்ந்து மாதாவிடம் வேண்டி அழுதேன். இளையவளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வாய் சோறுகூட என் கையால்தான் வாங்குவாள்.

படம் எடுப்பவர் ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

“என்னம்மா, எலும்ப விட வெள்ளையா இருக்கு? சதைக் கட்டி இப்படித் தெரியாதே. எங்கயாச்சும் வெள்ளை மருந்து குடிச்சீகளா?”

கணவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் அவரைப் பார்ப்பதை விட்டேன். “ஆமாங்க, மதுரையில குடிச்சேன். தண்ணி குடிக்கச் சொன்னாக, நான் குடிக்கல” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

படம் எடுப்பவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “அதுதான் உள்ள இறுகிப்போய்க் கெடக்கு. பயப்படாதீக, நானும் வாரேன்” என்று கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் எங்களுடன் நடந்தார். டாக்டர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “என்னையக் கத்திய எடுக்க வச்சிருப்பீகளேம்மா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். வருத்தம் ஒன்றும் இல்லை, கோபம்தான்.

எனிமா கொடுத்தார்கள், விடாமல் தண்ணீர் குடிக்கவைத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அந்த வெள்ளை மருந்து வெளியேறியபோது நான் சந்தோஷத்தில் அழுததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மதுரை முடிவில் சாதாரணப் புண் என்றுதான் வந்தது, மாத்திரையிலேயே ஆறிவிட்டது. அந்த வருடமே கணவர் வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டினார். எங்கள் தெருவில் அதுதான் முதல்.

இன்றும் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் கேட்டதற்கு அவர்கள் கூச்சப்பட்டு விழுங்குவதை நான் பட்டென்று சொல்லிவிடுவேன். வாயைத் திறந்ததால் பிழைத்தவள் நான். இன்னொருத்தி மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.