பாதியில் அணைந்த ஊதுபத்தி

1986 பெப்ரவரியில், புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், வெக்ஸ்போர்ட் பஸ் தரிப்பில் இரண்டு பேர் என் தொப்பியைத் தட்டிவிட்டுச் சிரித்தார்கள். வேலையிடத்தில் சொன்னேன். "தொப்பிதானே" என்றார்கள். அந்தச் சனிக்கிழமையே திபெத்தியச் சண்டைக்கலை பழக்கும் மண்டபத்தைத் தேடிப் புறப்பட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆங்கிலமோ வெல்டிங்கோ எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாம் பார்த்துப் பழகியவை.

வார்டனில் சப்வே ரயில், பிறகு ஸ்பாடினா பஸ். வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். என் அறையில் இருந்த சிவமும் வந்தான். மரக்கறிக் கடைக்கு மேலே மண்டபம். சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள்; தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும்.

முதலில் மாணவர்கள் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற அடியைக் கையை மடித்துத் தாங்குவதில்லை. அடிக்க வந்த கையையே அடிக்கிறார்கள். வீச்சு இடுப்பிலிருந்து புறப்படுகிறது, கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றுவது போல. சீன ஆசிரியர் நான்கே விதிகள் சொன்னார்: தயங்காதே, விலகு, வரும் கையை வெட்டு, இடைவெளியில் புகு. இத்தனை தெளிவாக எந்த மனிதரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

என் வயதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்றார்.

"பழகத்தான் வந்தேன்."

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினார். அது எரிந்து முடியும்வரை குதிரை நிலையில் நின்றால் சேர்ப்பாராம். குதிரைமேல் இருப்பது போல, ஆனால் கீழே குதிரை இல்லாமல். எல்லோரோடும் நானும் நின்றேன். தொடை நடுங்கியது. பாதி எரியும்போது யன்னல் காற்றில் பத்தி அணைந்தது. மற்றவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

"அண்ணை, நூந்து போச்சு. எழும்புங்கோ."

"பத்தி இன்னும் முடியேல்லை, சிவம்."

"ஆர் உங்களைக் கேக்கினம்?"

"முடியேல்லை எண்டு சொல்லுறன்."

ஆசிரியர் வந்து மீதிப் பத்தியைக் கொளுத்தினார். அது சாம்பலாகும்வரை அவரும் என் எதிரே அதே நிலையில் நின்றார்.

"நிற்கத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை வாருங்கள், விலகப் பழக்குகிறேன்."

மாடிப்படியில் கைபிடியை விடாமல் இறங்கினேன். "இப்ப ஆரும் அடிக்க வந்தால் என்ன செய்வியள்?" என்றான் சிவம்.

"நிப்பன்."

"ஓம், ஓடவும் ஏலாதே."

இதைப் பழகப் போகிறவர்களுக்கு: முதல் மாதங்களில் நிற்பதும் இடுப்பைத் திருப்புவதும்தான். அடி எங்கே என்று கேட்காதீர்கள். மறுநாள் படியேறும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்கு விதிகளில் விலகுவதுதான் எனக்குக் கடைசியாக வந்தது. அடுத்த குளிர்காலத்தில் அதே தரிப்பில் அதே இருவர். ஒருவனின் கை என் தொப்பிக்கு நீண்டது. இடுப்பை மட்டும் திருப்பினேன். அவன் காற்றைத் தட்டிவிட்டுத் தடுமாறினான். பஸ் வந்தது. தொப்பியோடு ஏறினேன்.