கால் நனைக்க நின்றது

மூன்று வருடமாக மகன் புனேவுக்கு வரவில்லை. இந்த முறை அவன் ஜெர்மனியிலிருந்தும் நாங்கள் இருவரும் இங்கிருந்தும் கிளம்பி, ஒரு கிரேக்கத் தீவில் சந்தித்தோம். "குழந்தைக்குப் பாதுகாப்பான பீச்சும்மா. எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணிதான்" என்று போனிலேயே சொல்லியிருந்தான்.

மணல் முழுக்கக் குடைகள், குடும்பங்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி ஈர மணலில் நின்றேன். பக்கத்தில் என் கணவர், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. நமக்குத் தெரிந்த கடல், நின்ற இடத்துக்கே வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். இது அசையவே இல்லை. கால் மணி நேரமாவது அப்படி நின்றிருப்போம், இரண்டு முட்டாள்கள்.

பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு மகன் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான்: "அம்மா, இங்க அலையெல்லாம் வராது. நீங்கதான் உள்ள வரணும்."

பேரன் ஜெர்மனில் ஏதோ கேட்டான். இருவரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஊருக்கு எப்போதடா திரும்புவாய் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கேட்கவில்லை.

புனேயில், சாங்வி பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் மகனின் அறை அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவது என் வழக்கம். திரும்பி வந்த வாரமும் மாற்றிக்கொண்டிருந்தேன். கணவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"அங்க நின்ன மாதிரியே இங்கயும் நிக்கப் போறியா?"

நான் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன்.